அப்சல்யூட் எல்ஸ்வேர்: ஒரு வருடத்துக்கும் மேலாகக் காதில் ஓடும் ஆல்பம்

“மச்சி, நடுவுல பாட்டு மாறிடுச்சுடா” என்று சொல்லிக்கொண்டே என் போனை எடுத்துத் திரையைப் பார்த்தான் நண்பன். பாட்டு மாறவில்லை. பிளட் இன்கேன்டேஷன் என்ற குழுவின் ‘அப்சல்யூட் எல்ஸ்வேர்’ ஆல்பத்தில் முதல் பாட்டான ‘தி ஸ்டார்கேட்’ தொடங்கி ரொம்ப நேரம்கூட ஆகவில்லை. டிரம்ஸ் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று எல்லாம் அடங்கி, எழுபதுகளின் ராக் ரெக்கார்டு ஒன்றிலிருந்து நழுவி வந்தது போல ஒரு கிதார் சாவகாசமாகப் பாட ஆரம்பித்திருந்தது. பதினைந்து வருடமாக, உறுமல் குரலும் அதிவேக டிரம்ஸுமான டெத் மெட்டலைத் தவிர எதையும் ஒழுங்காகக் கேட்காதவன் அவன். “யாருடா இவனுங்க, நடுவுல கடை போட்டுட்டு உக்காந்துட்டானுங்க?” என்றான்.

இந்த ஆல்பத்தைக் கேட்டவர்களில் பாதிப் பேரின் முதல் புகார் இதுதான். மீதிப் பாதிக்கு அதே இடம்தான் பிடித்துப்போன இடம்.

இசைக்குழு அமெரிக்காவின் டென்வரைச் சேர்ந்தது. 2019இல் வந்த ‘ஹிட்டன் ஹிஸ்டரி ஆஃப் தி ஹியூமன் ரேஸ்’ இவர்களை டெத் மெட்டல் வட்டத்துக்கு வெளியிலும் கொண்டுபோனது. 2022இல் ‘டைம்வேவ் ஸீரோ’ என்று ஒன்று போட்டார்கள். அதில் டிரம்ஸும் கிடையாது, உறுமலும் கிடையாது, கிட்டத்தட்ட முழுக்க சிந்தசைசர். பழைய ரசிகர்கள் அப்போதே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். 2024 அக்டோபர் 4ஆம் தேதி ‘அப்சல்யூட் எல்ஸ்வேர்’ வந்தபோது இரண்டு கட்சிக்கும் புதிதாகச் சண்டை போட விஷயம் கிடைத்தது. திடீரென்று மாறிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 2019 ஆல்பத்தின் கடைசிப் பாட்டே 18 நிமிடம். இவர்கள் போகப்போகிற வழி அதிலேயே தெரிந்தது.

இதில் மொத்தம் இரண்டே பாட்டுகள்: ‘தி ஸ்டார்கேட்’, ‘தி மெசேஜ்’. இரண்டும் தலா இருபது நிமிடத்துக்கு மேல், ஒவ்வொன்றும் மூன்று ‘டேப்லெட்’டாகப் பிரிந்திருக்கிறது. அவர்கள் சொல்வது பண்டைய களிமண் பலகைகளை. நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். “மூணு வேளைக்கு மூணா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றாள் அக்கா.

அம்மாவின் விமர்சனம் தனி. ‘தி ஸ்டார்கேட்’டின் இரண்டாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தவர், “இது நல்லா இருக்கே, தியானத்துக்குப் போடறதா?” என்று கேட்டார். அந்தப் பகுதியில் டேஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மன் எலக்ட்ரானிக் இசைக் குழுவின் தார்ஸ்டன் குவேஷ்னிங் வாசிக்கிறார் என்பதால், கேள்வியில் ஒன்றும் தப்பில்லை. ஆல்பம் பதிவானதே பெர்லினின் ஹன்சா ஸ்டூடியோவில்தான். டேஞ்சரின் ட்ரீமும் ஒரு காலத்தில் வேலை செய்த இடம் அது. அம்மாவிடம் இதையெல்லாம் விளக்குவதற்குள் மூன்றாம் பகுதி வந்துவிட்டது. மடித்த துணியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு முதல் இரண்டு மாதம் மென்மையான இடங்கள்தான் பிடித்தன. உறுமலும் பிளாஸ்ட் பீட் என்கிற அதிவேக டிரம்ஸ் அடியும் அங்கே போய்ச் சேர நான் கொடுக்கும் டிக்கெட் காசு போல இருந்தன. ஆறு மாதத்தில் அது தலைகீழாகிவிட்டது. சிந்தசைசர் பகுதிகள் மனப்பாடமாகிவிட்டன, அவற்றில் இனி புதிதாகக் கிடைக்க ஒன்றும் இல்லை. வேகமான இடங்களில்தான் இன்னும் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஐசக் ஃபால்க்கின் டிரம்ஸுக்குத் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். சில இடங்களில் இன்றைக்கும் கை தப்புகிறது.

பெரிய கண்டுபிடிப்பு பேஸ் கிதார். ஜெஃப் பாரெட் வாசிப்பது ஃப்ரெட் (கழுத்தில் ஸ்வரங்களைப் பிரிக்கும் உலோகக் கம்பிகள்) இல்லாத பேஸ். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியேறாமல் வழுக்கிக்கொண்டு போகும். கமகம் என்று சொன்னால் கர்நாடக சங்கீதக்காரர்கள் அடிக்க வருவார்கள், எனவே வழுக்கல் என்றே வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் போட்டுக்கொண்டு போகும் சாதாரண இயர்போனில் இது நாலு மாதம் என் காதில் விழவே இல்லை. தம்பியின் பெரிய ஹெட்போனை ஒருநாள் கடன் வாங்கிக் கேட்டபோதுதான், அடியில் ஒருவர் தனியாக ஒரு பாட்டு பாடிக்கொண்டிருக்கிறார் என்பதே தெரிந்தது. ஹெட்போனை இன்னும் திருப்பித் தரவில்லை.

கேட்கிற முறை இந்த ஆல்பத்துக்கு ரொம்ப முக்கியம். நான் முதலில் வைத்திருந்தது ஒரு ஆப்பின் இலவசக் கணக்கு. அது மூன்றாம் பகுதியை முதலில் போட்டது, நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரத்தையும் சொருகியது. காசு கட்டிய பிறகும் பகுதிக்குப் பகுதி அரை நொடி வெற்றிடம் விழுந்தது, செட்டிங்ஸில் தேடித் திருத்த வேண்டியிருந்தது. எல்பி இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, நடுவில் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டால் சரி.

நண்பன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் சும்மா இருக்கவில்லை. சிந்தசைசர் பகுதியை அடியோடு தூக்கிவிட்டுத் தனக்கென்று ஒரு பிளேலிஸ்ட் போட்டுக்கொண்டான். “இப்பதான்டா இது டெத் மெட்டல்” என்று எனக்கும் அனுப்பினான். ஒரு வாரம் அதையே கேட்டேன். மூன்றாம் பகுதி சப்பென்று இருந்தது. முதல் பகுதி முடிந்த கையோடு அது வந்தால் இன்னொரு வேகமான பாட்டு, அவ்வளவுதான். அஞ்சு நிமிடம் மிதக்க விட்டுவிட்டு அதற்குள் தள்ளினால்தான் வயிற்றைப் பிசைகிறது. இதை அவனிடம் சொன்னேன். பதிலுக்கு ஒரு ஸ்மைலி வந்தது. அப்புறம் மூன்று மாதம் கழித்து, “பழையபடி முழுசா போட்டுக் கேக்கறேன், யார்கிட்டயும் சொல்லாத” என்று ஒரு மெசேஜ்.

அதற்காகக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. ‘தி மெசேஜ்’ முழுக்கவே ‘தி ஸ்டார்கேட்’ அளவுக்கு இறுக்கமாக இல்லை. அதன் இரண்டாம் பகுதியில் பாடகர் பால் ரீடல் உறுமலை விட்டுவிட்டுச் சாதாரணக் குரலில் பாடுகிறார். அந்த இடம் பழைய ஆங்கில ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டுக்கு ரொம்பவே பக்கத்தில் போய் நிற்கிறது. குவேஷ்னிங் வரும் பகுதியில் அந்த விருந்தாளியே நேரில் உட்கார்ந்து வாசிக்கிறார், அதனால் அது உரிமையோடு ஒலிக்கிறது. இங்கே கேட்பது வேறொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டது போல இருக்கிறது, அளவும் சற்றுத் தொளதொள. பிங்க் ஃபிளாய்டு மாதிரியான நீளமான, சிக்கலான ப்ரோக் ராக் மட்டும் கேட்டு வளர்ந்த அலுவலக நண்பர் ஒருவருக்கு இதே பகுதிதான் மொத்த ஆல்பத்திலும் உசத்தி. உறுமல் வந்தால் முகம் சுளிப்பவர், இதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, இப்போது 2019 ஆல்பத்தைக் கேட்கிறார். நான் வழக்கமாக அந்த நேரத்தில் எழுந்து போய் காபி கலந்துகொண்டு வருவேன். கடைசிப் பகுதி பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓடும். அது தொடங்கும்போது டம்ளர் கையில் இருக்கும்.