மையைப் பார்க்கப் போங்கள்: பாப் கலைத் திரை அச்சுக் கண்காட்சி

விளம்பரம், சினிமா, கடைப்பொருள் போன்ற அன்றாடப் படங்களையே கலையாக்கிய பாப் கலையின் திரை அச்சுகள் ஊர் ஊராகச் சுற்றிவருகின்றன. இந்தக் கண்காட்சிக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கட்டாயம் போங்கள். ஆனால் நடுக்கூடத்தில் நின்று சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவின் முகமும் சூப் டப்பாவும் யாருக்கும் புதிதல்ல. கோப்பையிலும் துணிப்பையிலும் நாட்காட்டியிலும் பார்த்துச் சலித்தவைதான். அச்சடித்த தாளை நேரில் பார்ப்பது வேறு. திரை அச்சில், அதாவது ஸ்கிரீன் பிரிண்டிங்கில், ஃபிரேமில் கட்டிய துணி வழியாக அழுத்தப்படும் மை தாளின் மேல் கனமான படலமாக உட்காருகிறது. சட்டத்துக்குப் பக்கவாட்டில் போய்ச் சற்றுக் குனிந்து பாருங்கள். ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறி நிற்கும் விளிம்பு தெரியும். எந்தப் புத்தகத்திலும் அது வராது.

நான் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவள். ஃபிரேமில் துணியை இழுத்துக் கட்டுவது, ஒளி பட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசி வெளிச்சம் படாமல் காயவைப்பது, படம் பதிந்த பாசிட்டிவ் தாளை வைத்து ஒளி காட்டுவது, தண்ணீரில் கழுவி உருவத்தைத் திறப்பது, மையைத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியை ஒரே அழுத்தத்தில் இழுப்பது எல்லாம் கைக்குப் பழகியவை. அதனால் எந்த அச்சைப் பார்த்தாலும் என் கண் முதலில் ரெஜிஸ்டரைத்தான் தேடும்: நிறங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா?

அப்படிப் பார்க்கும் ஒருத்திக்கு அமெரிக்கப் பாப் கலைஞர் ஆண்டி வார்ஹோலின் மர்லின் வரிசை பெரிய சோதனை. 1967இல் வந்த பத்து அச்சுகள் அவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 91 சென்டிமீட்டர் சதுரம்; ஒவ்வொன்றிலும் 250 படிகள், அதாவது பிரதிகள், அடித்தார்கள். மன்றோ நடித்த ‘நயாகரா’ படத்தின் விளம்பரத்துக்காக எடுத்த ஒரு புகைப்படம்தான் பத்துக்கும் மூலம். பத்தையும் ஒரே சுவரில் இரண்டு வரிசையாக மாட்டியிருக்கிறார்கள்; மிகச் சரியான முடிவு. உதட்டு நிறமும் இமை நிறமும் புகைப்படக் கோட்டோடு முழுக்கப் பொருந்தாமல் அங்கங்கே விலகி நிற்கின்றன. எங்கள் பட்டறையில் அப்படி ஒரு தாள் வந்திருந்தால் கழிவில் போயிருக்கும். இங்கோ அந்த விலகல்தான் முகத்தைக் கலைக்கிறது. பூச்சு தனியாகவும் ஆள் தனியாகவும் பிரிந்து தெரிகிறார்கள். சாம்பலும் கறுப்புமாக அடித்த ஒன்றின் முன் நான் வெகுநேரம் நின்றேன். மற்ற ஒன்பதிலும் நிறம் மறைத்துவைத்த களைப்பு அதில் வெளியே வந்துவிடுகிறது.

அடுத்த சுவரில் ரிச்சர்ட் ஹாமில்டனின் ‘என் மர்லின்’ (1965). கண்காட்சியை அமைத்தவர்களுக்கு இதற்காகவே நன்றி சொல்ல வேண்டும். ஜார்ஜ் பாரிஸ் எடுத்த புகைப்படங்களில் தனக்குப் பிடிக்காதவற்றை மன்றோ தன் கையாலேயே பெருக்கல் குறி போட்டு அடித்திருந்தார். ஹாமில்டன் அந்தக் குறிகளையே படமாக்கிக்கொண்டார். வார்ஹோலின் மர்லின் பேசமாட்டார். இந்த மர்லின் ‘வேண்டாம்’ என்று சொல்கிறார். இரண்டையும் மாறி மாறிப் பார்க்கும்படி நடுவில் ஓர் இருக்கையும் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது எட் ருஷேயின் ‘ஸ்டாண்டர்ட் ஸ்டேஷன்’ (1966). ஒரு பெட்ரோல் நிலையம், கீழ் மூலையிலிருந்து மேலே பாயும் கூரைக்கோடு, பின்னால் நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு இறங்கும் வானம். அந்த வானத்தைப் பலர் தூரிகை வேலை என்று நினைத்துக் கடந்துபோனார்கள். அது ஸ்குவீஜி வேலை. இரண்டு மைகளையும் ஒரே திரையில் அருகருகே ஊற்றி ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். சந்திக்கும் இடத்தில் அவை தாமாகக் கலக்கும். ஒவ்வோர் இழுப்பிலும் கலவை கொஞ்சம் அகலமாகிக்கொண்டே போகும். எங்கே நிறுத்தி, திரையைத் துடைத்து, புது மை ஊற்றுவது என்று அச்சிடுபவரின் கண்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் தவறினால் வானம் சேறாகிவிடும். இதில் 50 படிகள் அடித்திருக்கிறார்கள். அத்தனைக்கும் வானம் ஏறக்குறைய ஒன்றுபோல் வர என்ன பொறுமை வேண்டியிருந்திருக்கும்! அதை உணர்ந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

படக்கதை அச்சைப் போலப் புள்ளிகளால் படம் செய்த ராய் லிச்டென்ஸ்டைனுக்குத் தனி அறை. ‘ஸ்வீட் டிரீம்ஸ், பேபி!’ இருக்கிறது, குத்துச்சண்டைக் கை இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. சுத்தமான வேலை. அங்கே நான் அதிக நேரம் செலவிடவில்லை.

கொரீட்டா கென்ட்டுக்கு ஒதுக்கிய பகுதி மிகச் சிறியது. அது என் முதல் குறை. லாஸ் ஏஞ்சலிஸில் இம்மாக்குலேட் ஹார்ட் கல்லூரியில் கலை கற்பித்த கன்னியாஸ்திரி அவர். சந்தைப் பொருள்களின் விளம்பர வாசகங்களை எடுத்து வளைத்தும் வெட்டியும் வழிபாட்டுச் சொற்களோடு கோத்தவர். தக்காளி விளம்பரத்து வரியை மரியாளுக்குச் சூட்டிய 1964ஆம் ஆண்டு அச்சு இங்கே இருக்கிறது. 1968இல் அவர் சபையை விட்டு விலகினார். மாணவிகளோடு சேர்ந்து தானே திரை பிடித்து அச்சிட்டவர் என்பதால், மை சில இடங்களில் மெலிந்தும் சில இடங்களில் திரண்டும் கிடக்கிறது. அந்த மேடு பள்ளம் எனக்கு நெருக்கமானது. இவருக்கு வாசலோர நடைபாதைச் சுவரைக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய கூடத்தில் இடமில்லாமல் இல்லை.

இரண்டாவது குறைதான் என்னைக் கோபப்படுத்தியது. படத்தருகே உள்ள விளக்க அட்டைகளில் கலைஞர் பெயர், ஆண்டு, ‘திரை அச்சு, தாள்’, எந்தச் சேகரிப்பு என்பதோடு சரி. அச்சிட்டவர் யார் என்று ஒன்றில்கூட இல்லை. வார்ஹோலின் மர்லின்களை அடித்தது நியூயார்க்கின் ஏட்னா சில்க்ஸ்கிரீன் பட்டறை. அவருடைய சூப் டப்பாக்களை 1968இல் அடித்தது சால்வடோர் பட்டறை. மரண தண்டனைக்கான மின்சார நாற்காலியை வைத்து அவர் செய்த 1971ஆம் ஆண்டுப் படங்கள் சூரிச்சில் அச்சானவை. ருஷேயின் அந்த வானம் ஆர்ட் கிரெப்ஸ் பட்டறையில் பிறந்தது. எடுவார்டோ பவொலோட்ஸி தத்துவவாதி விட்கென்ஸ்டைனைப் பற்றி 1965இல் உருவாக்கிய 12 அச்சுகள் ஒரு முழுச் சுவரை நிறைக்கின்றன. அவர் ஒட்டிக் கொடுத்த படத்துண்டுகளைத் திரைக்கேற்ற ஸ்டென்சில்களாகக் கையால் வெட்டியவர் கிறிஸ் பிரேட்டர். லண்டனில் மனைவி ரோஸுடன் கெல்ப்ரா பட்டறையை நடத்தியவர். ஹாமில்டனின் மர்லினும் அங்கேதான் அச்சானது. அந்த வரிசையில் சில தாள்களில் பொடிப்பொடியான நிறத்துண்டுகள் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கின்றன. கத்தியும் ஸ்குவீஜியும் பிடித்த எவருக்கும் அது எத்தகைய வேலை என்று தெரியும். அவர்களிடம் அச்சடித்த தாள்கள் 1975இல் அன்பளிப்பாகவே டேட் அருங்காட்சியகத்துக்குப் போயின. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வரி இடம் கிடைக்காதா?

வெளிச்சம் மங்கலாக இருக்கிறது என்று பக்கத்தில் ஒருவர் அலுத்துக்கொண்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாளில் அச்சானவற்றுக்கு 50 லக்ஸ் (ஒளியின் அளவு) அளவிலான மங்கலான ஒளிதான் காட்டுவார்கள், இல்லையென்றால் நிறம் வெளுத்துவிடும். விளக்குகளை வைத்த கோணம்தான் சரியில்லை. கறுப்பு அதிகமுள்ள மின்சார நாற்காலிப் படங்களின் கண்ணாடியில் நம் முகமே தெரிகிறது. இடப்பக்கம் நகர்ந்து நின்றால் ஓரளவு தப்பலாம்.

கடைசி அறையில் ஒரு திரையும் ஸ்குவீஜியும் வைத்து, பார்வையாளர்களையே அச்சிட விடுகிறார்கள். ஒரு சிறுமி முதல் இழுப்பில் பாதியில் நின்றுவிட்டாள். இரண்டாவதில் முழுப் படமும் வந்தது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்த அறையை முதலில் காட்டிவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது. கையில் அழுத்தம் தெரிந்தபின் சுவரில் இருப்பவை வேறு விதமாகத் தெரியும்.

விற்பனைப் பகுதியில் சுவரொட்டிகளை வாங்க வேண்டாம்; புத்தகம் அடிக்கும் ஆஃப்செட் இயந்திரத்தில் அடித்தவை, நிறம் தட்டை. கண்காட்சி நூலை வாங்கலாம். அதன் கடைசிப் பக்கங்களில் சிற்றெழுத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது: ஒவ்வொரு படத்துக்கும் அச்சிட்ட பட்டறையின் பெயர். ஆக, விவரம் அவர்கள் கையிலேயே இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைச் சுட்டிக்காட்டி, பெயர்களை அட்டைகளுக்குக் கொண்டுவரும்படி பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வந்தேன். கண்காட்சி இன்னும் பல ஊர்களுக்குப் போகவிருக்கிறது; புது அட்டைகள் அடிப்பது அரை நாள் வேலை. நீங்களும் போனால் அதையே எழுதுங்கள்.