முதலில் விளக்கமா, முதலில் திணறலா?

அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், பின்னம் புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் பலர் 2/5 என்று எழுதுவார்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். இப்போது ஆசிரியர் பகுதிகளைச் சமமாக்கும் முறையை நேரே போட்டுக் காட்டலாம். இல்லையென்றால், "2/5 அரையைவிடப் பெரிதா, சிறிதா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் தாங்களே திணறட்டும் என்று சற்று நேரம் வாயைத் திறக்காமல் இருக்கலாம். கணிதம், அறிவியல் கற்பித்தலில் பல ஆண்டுகளாக நடக்கும் சண்டை இந்த இரண்டு வழிகளுக்கும் இடையில்தான்.

விளக்கம்தான் முதலில் என்பவர்களின் வாதத்தை லேசில் தள்ள முடியாது. புதிய விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் வைத்துப் புரட்ட நமக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு. முன்பின் பார்க்காத கணக்கோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு, அடுத்து என்ன செய்வது என்று தேடுவதிலேயே அந்த இடம் நிரம்பிவிடும். கற்றலை ஆராயும் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் வெளியிட்ட இயற்கணித ஆய்வில், எல்லாக் கணக்கையும் தானே போட்ட குழுவைவிட, தீர்த்துக் காட்டிய கணக்கைப் படித்துவிட்டு அதே மாதிரி ஒன்றைப் போட்ட குழு வேகமாகவும் தவறு குறைவாகவும் முடித்தது. ஆனால் கணக்கின் வடிவம் மாறியதும் அந்த மேன்மை காணாமல் போனது. இதை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

திணறல் முதலில் என்ற கட்சிக்கு வலுவான சான்று, கற்றல் ஆய்வாளர் மனு கபூர் சிங்கப்பூரில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் செய்தது. பாடம், விலக்க வர்க்கச் சராசரி; அதாவது எண்கள் தங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதை அளக்கும் அளவு. கால்பந்து ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகளில் போட்ட கோல்களின் எண்ணிக்கையைக் கொடுத்து, எந்த ஆட்டக்காரர் ஏற்ற இறக்கமில்லாமல் ஆடுகிறார் என்று அளக்க வழி கேட்டார்கள். சரியான சூத்திரம் யாருக்கும் வரவில்லை. பிறகு ஆசிரியர் பாடத்தை நடத்தினார். சூத்திரத்தைப் போட்டு விடை காண்பதில் இவர்களும் நேராகக் கற்றவர்களும் சமம். கருத்தைப் புரிந்துகொள்வதிலும் புதுச் சூழலுக்குப் பொருத்துவதிலும் திணறியவர்களே மேல்.

"பிறகு ஆசிரியர் பாடத்தை நடத்தினார்" என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பாடத்தையே நடத்தாமல் போகும் வகுப்புகளுக்கும் இந்த முறைக்கும் சம்பந்தமில்லை.

இரண்டுக்கும் நடுவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-இல் தொடங்கிய வழி ஒன்று உண்டு. சிறிது விளக்கம், ஒரு கேள்வி, ஆளாளுக்கு ஒரு விடை, பக்கத்தில் இருப்பவரோடு வாக்குவாதம், மறுபடி விடை. இதையும் இது போன்ற மற்ற முறைகளையும் சேர்த்து இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் அலசினார்: பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை 62 இயற்பியல் வகுப்புகள், 6,542 மாணவர்கள். பாடத்துக்கு முந்தைய தேர்வில் எட்டாமல் விட்ட மதிப்பெண்ணில், விரிவுரை மட்டும் கேட்டவர்கள் சராசரியாக 23 சதவீதத்தையும், பேசி விவாதித்தவர்கள் 48 சதவீதத்தையும் எட்டிப் பிடித்தார்கள். புது முறையை விரும்பி எடுத்துக்கொண்ட ஆசிரியர்கள் இயல்பிலேயே ஆர்வமுள்ளவர்களாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிதுதான்.

அறிவியல் சோதனையை நிஜ ஆய்வகத்தில் செய்வதா, கணினிப் பாவனையில் காட்டுவதா என்ற கேள்வி இதற்கு அடுத்தபடிதான். பல்பு எரியும் முன் "எரியுமா?" என்று ஊகிக்க வைக்காவிட்டால் இரண்டுமே வேடிக்கை.

என் கட்சி இது: பிள்ளையிடம் ஏற்கெனவே ஓர் எண்ணம், அது தவறாகவே இருந்தாலும், இருக்கும் இடத்தில் திணறல் முதலில். கனமான பொருள்தான் முதலில் விழும் என்பதும், பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்பதும் அப்படிப்பட்டவை. வட்டத்துக்கு 360 பாகை என்பது மனிதர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். திணறிக் கண்டுபிடிக்க அதில் ஒன்றுமில்லை, சொல்லிவிட்டுப் போகலாம். நீண்ட படிகள் கொண்ட இயற்கணிதத்துக்குத் தீர்த்துக் காட்டிய கணக்கே நல்லது. பிள்ளை தேறத் தேற ஒவ்வொரு படியாக மறைத்துக்கொண்டே வர வேண்டும். தேறியவர்களுக்கு முழு விளக்கம் சுமையாகிவிடும்.

திணறலுக்கு வகுப்பு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். எல்லாப் பாடத்துக்கும் அது கட்டுப்படியாகாது. பின்னம், விகிதம், விசை, மின்சுற்று ஆகிய நான்குக்கு மட்டும் அந்த நேரத்தை ஒதுக்கச் சொல்வேன்.