ரஸ்ட் மேக்ரோவும் ஊரான் மாட்யூலும்: மூன்று வருட அனுபவம்

மூன்று வருடமாக ரஸ்ட் என்ற நிரல்மொழியில் ஒரு லைப்ரரியைப் பராமரிக்கிறேன். அதில் பாதிக்கு மேல் மேக்ரோக்கள், அதாவது கூப்பிட்ட இடத்தில் கோடாக விரியும் அச்சுகள். பயன்படுத்துவது வேறு குழுக்களின் கிரேட்டுகள் (ரஸ்ட் பேக்கேஜுகள்). வெளியிட்ட முதல் மாதமே புகார். மேக்ரோவைக் கூப்பிட்டால், ரிசல்ட்டுக்கு ஒரு டைப்தான் தர வேண்டும், இரண்டு தந்திருக்கிறாய் என்று கம்பைலர் திட்டுகிறதாம். என் பக்கம் எல்லா டெஸ்ட்டும் பாஸ். தோண்டிப் பார்த்தால், அவர்கள் மாட்யூலில் ரிசல்ட் என்ற பெயரிலேயே சொந்தமாக ஒரு டைப் அலியாஸ் (டைப்புக்கு வைக்கும் மாற்றுப் பெயர்) இருந்தது. ரஸ்டின் ரிசல்ட் எடுப்பது இரண்டு டைப், அவர்களுடையது ஒன்றுதான்.

மேக்ரோ ரூல்ஸில் (சாதாரண மேக்ரோ எழுதும் முறை) ஹைஜீன், அதாவது மேக்ரோவின் பெயர்கள் கூப்பிட்ட இடத்தின் பெயர்களோடு கலக்காத பாதுகாப்பு, உண்டு என்று படித்ததை அப்படியே நம்பியது என் தப்பு. லோக்கல் வேரியபிளுக்கும் லூப் லேபிளுக்கும்தான் அந்தப் பாதுகாப்பு. ஃபங்ஷன், டைப், டிரெய்ட் (டைப்புகள் நிறைவேற்றும் மெத்தட் தொகுப்பு) பெயர்களுக்கு, கூப்பிட்ட இடத்தில் என்ன பொருளோ அதுதான்.

அதன்பின் மேக்ரோவுக்குள் வெறும் பெயர் எழுதுவதை விட்டேன். நம்முடையது என்றால் முன்னால் $கிரேட், அதாவது மேக்ரோ எழுதப்பட்ட கிரேட்டைக் குறிக்கும் சொல். கோர் லைப்ரரியில் இருப்பது என்றால் இரட்டைக் கோலனில் தொடங்கும் முழுப் பாதை. படிக்கக் கண்றாவியாக இருக்கும், ஆனால் உடையாது. இதற்கு ஒரு விலை உண்டு: மேக்ரோ விரிவது அவர்கள் கிரேட்டில் என்பதால், உள்வேலைக்கான ஃபங்ஷனையும் பப்ளிக் ஆக்க வேண்டும். டாக் பக்கத்தில் மறைத்து, பெயரிலேயே பிரைவேட் என்று எழுதி வைத்தேன். அதையும் ஒருவர் தேடிப் பிடித்து நேரடியாகப் பயன்படுத்தினார்!

ஒரே மாட்யூலில் மேக்ரோவை இரண்டு முறை கூப்பிட்டால், அது உருவாக்கும் ஸ்டாட்டிக் (நிரல் ஓடும் வரை இருக்கும் மாறி) இரண்டும் ஒரே பெயரில் மோதும். டிரெய்ட் இம்ப்ளிமென்டேஷனுக்குத் துணையாக மட்டுமே அந்த ஸ்டாட்டிக் தேவை என்றால், எல்லாவற்றையும் அடிக்கோட்டுப் பெயர் கொண்ட ஒரு கான்ஸ்ட் பிளாக்குக்குள் போட்டுவிடலாம். 2019இல் வந்த 1.37 பதிப்பிலிருந்து இது முடியும்.

புரொசீஜரல் மேக்ரோவில்தான் (ரஸ்ட் ஃபங்ஷனாகவே எழுதும் மேக்ரோ) இன்னும் திருப்தி இல்லை. அங்கே $கிரேட் கிடையாது. பயனர் தன் கார்கோ ஃபைலில் (எந்தக் கிரேட்டுகள் வேண்டும் என்று எழுதும் ஃபைல்) நம் கிரேட்டுக்கு வேறு பெயர் வைத்தாலோ, இன்னொரு கிரேட் வழியாக நம்மை மறு ஏற்றுமதி செய்தாலோ பாதை அறுந்துவிடும். செர்டே என்ற லைப்ரரி செய்வது போல, பாதையைப் பயனரே தர ஒரு அட்ரிபியூட் வைத்துச் சமாளிக்கிறேன். ஒட்டு வேலைதான், வேறென்ன செய்ய?

உண்மையில் காப்பாற்றுவது ஒரு வில்லங்கமான டெஸ்ட் கிரேட். அதில் ரிசல்ட், ஆப்ஷன், சம் (Some), ஓகே எல்லாப் பெயர்களுக்கும் வேறு பொருள் கொடுத்திருக்கிறேன், இம்போர்ட் எதுவும் இல்லை. புது மேக்ரோ எல்லாம் முதலில் அங்கே போகும். போன வாரம்கூட ஒன்று மாட்டியது: டிரெய்ட் மெத்தடைப் புள்ளி வைத்துக் கூப்பிட்டிருந்தேன், அந்த டிரெய்ட்டோ அங்கே ஸ்கோப்பில் இல்லை.