துணி நாப்பி, ஜிங்க் கிரீம்: பல மாதம் பயன்படுத்தியதில் தெரிந்தது

டயப்பர் புண்ணுக்கு எந்தக் கிரீம் நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கிரீமுக்கு இரண்டாம் இடம்தான். ஈரம் தோலில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் முதல் விஷயம். மூத்திரமும் மலமும் கலந்தால் அம்மோனியா உண்டாகி, தோலில் காரத்தன்மை கூடும். உடனே மலத்திலுள்ள செரிமான நொதிகள் வீரியமாகித் தோலை அரிக்கும். அதனால் மூத்திரம் மட்டும் என்றால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் போனால் அந்த நிமிடமே மாற்ற வேணுங்க.

துணி நாப்பிக்குத் திருப்பூர் பனியன் துணியும் நைந்த பருத்தி வேட்டியும் அருமை. ஆனால் நம்ம பக்கம் கோட்டைவிடுவது தண்ணியில். போர்வெல் உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, திப்பியாகத் துணியிலேயே படிந்துவிடும். காய்ந்த நாப்பி அப்பளம் மாதிரி விறைத்து நின்றால் அதுதான் அடையாளம். அந்தச் சொரசொரப்பே தோலை உரசிச் சிவக்க வைக்கும். சோப்புத்தூளைப் பாதியாகக் குறைத்து, மூன்று முறை அலசுங்கள். கடைசி அலசல் மட்டுமாவது சிறுவாணியோ காவிரியோ, குழாயில் வரும் நல்ல தண்ணியில் இருக்கட்டும். வாசனைத் திரவம் வேண்டாம். மேலே பிளாஸ்டிக் ஜட்டி மாட்டினால் துணி போட்ட பலனே போச்சு.

ஜிங்க் ஆக்சைடு கிரீமில் சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள். தினசரிக் காப்புக்கு 10 போதும், நன்றாகச் சிவந்துவிட்டால் 40 வரை போகலாம். வெதுவெதுப்பான தண்ணியில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் காற்றாட விட்டபின் தோல் நிறம் தெரியாத அளவுக்குத் தடிமனாக அப்ப வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது அழுக்கான மேல்படலத்தை மட்டும் வழித்தெடுங்கள். அடியில் இருப்பதைச் சுரண்டினால் புதுத்தோலும் சேர்ந்து உரியும். முழுதும் எடுத்தே ஆகவேண்டும் என்றால் செக்குத் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சு போதும். எண்ணெயை மட்டும் மருந்தாக நம்புவது லேசான சிவப்புக்குச் சரி, பேதியாகும் குழந்தைக்குத் தாங்காது.

தொடை இடுக்கு மடிப்புக்குள் அடர் சிவப்பு, ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள் என்றால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. ஜிங்க் மட்டும் போட்டால் ஆறாது. டாக்டர் வழக்கமாக எழுதுவது குளோட்ரிமசோல் 1 சதவீதம் என்ற பூஞ்சை எதிர்ப்புக் கிரீம். அதை மெல்லிசாகப் பூசி, ஊறிய பிறகு மேலே ஜிங்க் போடலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் கலவைக் கிரீம்கள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு சீக்கிரம் மறையும். ஆனால் டயப்பர் மூடிய தோல் வழியாக ஸ்டீராய்டு அதிகமாக உள்ளே இறங்கும், தோலும் மெலியும். டாக்டர் சொல்லாமல் தொடவே தொடாதீர்கள். பவுடரும் வேண்டாம், மூச்சில் ஏறும்.

சீழ், கொப்புளம், ரத்தக்கசிவு, காய்ச்சல் எது தெரிந்தாலும் அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று நாளில் சிவப்பு குறையாவிட்டாலும் அப்படித்தான்.