பிழைக்க வைக்கும் மரபணுவா, விளைய வைக்கும் மரபணுவா?

மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டுச் சிங்கப்பூர் திரும்பியபோது, வீவக அடுக்குமாடி வீட்டு நடைவழியில் இருந்த என் கறிவேப்பிலைச் செடி இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு நின்றது. தண்ணீர் ஊற்றினேன், சில நாளில் துளிர்த்தது. எனக்கு அது போதும். ஆனால் தேக்காவில் நாம் சாப்பிடும் பராட்டாவுக்குக் கோதுமை விளைவிப்பவருக்குப் பயிர் உயிரோடு நின்றால் மட்டும் போதுமா? உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் இருந்துகொண்டு, இந்தக் கேள்வியோடுதான் பயிர் வறட்சியைத் தாங்க உதவும் டிரெப்1ஏ, எச்பி4 ஆகிய இரண்டு மரபணுக்களையும் எடைபோடுகிறேன்.

டிரெப்1ஏ மரபணுவை ஜப்பானில் சினோசாகி தம்பதியரின் ஆய்வுக்குழு 1998இல் அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் அடையாளம் கண்டது. குளிர் பட்டதும் இது விழித்துக்கொள்கிறது. இது உண்டாக்கும் புரதம், பல மரபணுக்களின் முகப்பில் உள்ள ஒரே குறியீட்டைப் பற்றிக்கொண்டு அவற்றை ஒருசேர முடுக்கிவிடுகிறது. குளிருக்கு விழிப்பது வறட்சியையும் தாங்க உதவுவது எப்படி? உறைபனியில் செல்களுக்கு வெளியே பனிக்கட்டி உருவாகி, உள்ளே இருக்கும் நீரை உறிஞ்சிவிடுகிறது. செல்லைப் பொறுத்தவரை பனியும் ஒரு வறட்சிதான். இதை முதலில் படித்தபோது சிலிர்த்துப்போனேன்.

குறை என்னவென்றால், இந்த மரபணு எப்போதும் இயங்கினால் செடி குட்டையாகிவிடுகிறது. வராத பஞ்சத்துக்கு அஞ்சிப் பட்டினி கிடப்பதைப் போன்றது அது. தேவைப்படும்போது மட்டும் இயக்கும் ஆர்டி29ஏ விசையோடு அதை இணைத்து, அந்தக் குட்டைத்தன்மையைப் பெரிதும் குறைக்க முடியும் என்று 1999இல் அதே குழு காட்டியது. மரபணுவைக் கண்டுபிடித்ததைவிட, அதற்கு அடங்கக் கற்றுக்கொடுத்ததே பெரிய சாதனை என்பேன்.

எச்பி4 சூரியகாந்தியிலிருந்து வந்தது. அர்ஜென்டினாவில் ராகேல் சான் குழுவினர் ஆராய்ந்தது. நீர் குறைந்தால் செடிகள் பொதுவாக அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோனின் ஆணைப்படி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நீர் மிஞ்சும், ஆனால் கரியமில வாயு உள்ளே வராது, மணி பிடிக்காது. எச்பி4 அந்த வழியைச் சார்ந்திருப்பதில்லை. வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீனுக்குச் செடி காட்டும் பதற்றத்தைத் தணித்து, இலை முதிர்ந்து மஞ்சளாவதைத் தள்ளிப்போடுகிறது. பச்சை நீடித்தால் மணிக்கு உணவு போய்க்கொண்டே இருக்கும். இந்த மரபணு கொண்ட கோதுமைக்கு அர்ஜென்டினா 2020இல் ஒப்புதல் அளித்தது.

பாக்டீரியாவின் குளிர்காப்பு மரபணு ஒன்றை ஏற்றிய மக்காச்சோளமும் அமெரிக்காவில் வறட்சிக்கென விற்பனையில் இருக்கிறது. குளிரும் வறட்சியும் உறவுக்காரர்கள் என்பதற்கு அதுவும் சாட்சி.

மழை தவணை தவறும் மானாவாரிக் கோதுமைக்கு நான் தேர்ந்தெடுப்பது எச்பி4. நிலம் அடியோடு காய்ந்துவிட்டால் அதுவும் கைவிட்டுவிடும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். நாற்றுப் பருவத்திலேயே குளிர் தாக்கும் மலைநாட்டு நெல் என்றால் டிரெப்1ஏ. அதுவும் ஆர்டி29ஏ போன்ற விசையோடு மட்டுமே.