ரிப்பேருக்குக் கொடுத்த செட்டை ‘அப்கிரேட்’ செய்து கெடுத்தார்கள்: பழைய ஆம்பிளிஃபயர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய ஸ்டீரியோ ஆம்பிளிஃபயரை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 1970களில் வந்த செட். இடது சேனல் திடீரென நின்றுபோனது. அந்தப் பக்கத்து ஃபியூஸை மாற்றினால் போட்ட உடனே எரிந்தது. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் இப்படித்தான் ஆகும். வலது சேனலில் ஒரு குறையும் இல்லை. இடது பக்கத்தை மட்டும் பார்க்கச் சொல்லி, மற்றதில் கை வைக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தேன்.

திரும்ப வாங்கப் போனபோது மெக்கானிக், “பவர் ஸ்டேஜ் மொத்தமும் மாத்திட்டேன் சார், இப்ப டபுள் பவர்” என்றார். பில்லும் டபுள். டிரான்ஸ்ஃபார்மர் அதே, சப்ளை வோல்டேஜும் அதே. ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் போகும் என்பதை முதலில் தீர்மானிப்பவை அவைதான். வெறும் டிரான்சிஸ்டரை மாற்றி யாராலும் பவரை இரண்டு மடங்காக்க முடியாது. கழற்றிய பழைய டிரான்சிஸ்டர்களைக் கேட்டேன். “குப்பையில போட்டாச்சு” என்று பதில் வந்தது. அவற்றில் வலது சேனலின் நல்ல ஜோடியும் இருந்தது. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

வீட்டில் வால்யூமை முழுக்கக் குறைத்து வைத்திருந்தபோதே ஹீட்சிங்க் (டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடு) தொட முடியாத அளவு கொதித்தது. அடுத்து வலது ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் சின்ன யூனிட்டான ட்வீட்டர் போனது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கம்!

வேறொரு டெக்னீசியன் என் கண்முன்னே மூடியைத் திறந்தார். உலோகத் தொப்பி போட்ட பழைய டிரான்சிஸ்டர்கள் இருந்த இடத்தில், ஹீட்சிங்கில் புதிதாக ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் உடல் கொண்ட 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 மாட்டப்பட்டிருந்தன. போர்டிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் நீள வயர். அந்த டிரான்சிஸ்டர் 30 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்டது. பழைய சர்க்யூட்டோ சில மெகாஹெர்ட்ஸ் சரக்குக்காக அமைத்தது. வேகமான டிரான்சிஸ்டரும் நீள வயரும் சேர்ந்தால், காதுக்குக் கேட்காத உயர் அலைவரிசையில் ஆம்பிளிஃபயர் தானாகவே ஆசிலேட் ஆகும், அதாவது பாட்டு போடாமலேயே சிக்னலை உண்டாக்கும். அலையைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் அது அப்படியே தெரிந்தது. அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு இருக்கும் 10 ஓம் ரெசிஸ்டர் கரிந்து கறுத்துப்போயிருந்தது. ட்வீட்டரைத் தின்றதும் இதே ஆசிலேஷன்தான்.

இன்னொன்றையும் காட்டினார். பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்டுக்குப் பெயர் பயாஸ். அதைக் கட்டுப்படுத்த, ஹீட்சிங்கை ஒட்டியிருக்க வேண்டிய பயாஸ் டிரான்சிஸ்டர் அந்தரத்தில் தொங்கியது. டிரான்சிஸ்டர் சூடாக ஆக, அதன் பேஸ்–எமிட்டர் வோல்டேஜ் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அந்தச் சூட்டை பயாஸ் டிரான்சிஸ்டர் உணர்ந்து ஈடுகட்டாவிட்டால் கரண்ட் ஏறிக்கொண்டே போகும். ஹீட்சிங்க் கொதித்தது அதனால்தான். மாட்டியிருந்த சரக்கும் போலி: ஒன்றை உடைத்துப் பார்த்தால், 15 ஆம்பியர் தாங்க வேண்டியதன் உள்ளே பொடிசாக ஒரு சிலிக்கான் சில்லு.

ஒழுங்கான ரிப்பேர் என்றால் ஷார்ட் ஆன ஜோடி, அதோடு போன எமிட்டர் ரெசிஸ்டர், அந்த ஜோடியை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் ஆகியவற்றை மாற்ற வேண்டும். டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் வைக்கும் மைக்கா, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் இரண்டையும் புதிதாகப் போட்டு பயாஸ் செட் செய்தால் வேலை முடிந்தது. அதே உலோக உடலில், அதே ஓட்டையில் உட்காரும் எம்ஜே15003, எம்ஜே15004 போன்றவை இன்றும் இருக்கின்றன. அவை 2 மெகாஹெர்ட்ஸ்தான், பல பழைய செட்டுகளோடு ஒத்துப்போகும். காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை அதே மதிப்பில் மாற்றுவதும் பராமரிப்புதான், அதில் தவறில்லை. மாடிஃபை செய்யவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. சர்க்யூட் தெரிந்தவர், ஸ்கோப் வைத்திருப்பவர், உரிமையாளர் கேட்டால் செய்யட்டும். கேட்காமல் செய்வது ஏமாற்று.

செட்டைக் கொடுக்கும்போதே பில்லில் ‘ரிப்பேர் மட்டும், கழற்றிய பாகங்கள் திரும்ப வேண்டும்’ என்று எழுதி வாங்குங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது கரண்ட் அளவுக்கு மீறாமலிருக்க மெயின்ஸ் லைனில் தொடர் இணைப்பாக (சீரீஸில்) ஒரு குண்டு பல்பு போடுவாரா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். திரும்ப வந்ததும் ஸ்பீக்கரை மாட்டாமல் அவுட்புட்டில் டிசி (நேர்மின்) வோல்டேஜை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.