அடியா, கைப்பேசியா, தனி மூலையா: இரண்டு வயதின் அடத்துக்கும் கடிக்கும் எது சரி?

ஒன்றரை வயதுக் குழந்தை பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையைக் கடித்துவிட்டால் போதும், வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "நீயும் ஒரு தடவை திருப்பிக் கடி, அப்போதுதான் வலி தெரியும்" என்பார் பாட்டி. "வாயிலேயே ஒன்று போடு" என்பார் சித்தப்பா. அத்தை கைப்பேசியில் பாட்டைப் போட்டு நீட்டுவார். எங்கோ படித்த நினைவில் அம்மா மூலையில் உட்கார வைக்கப் பார்ப்பார். ஒரே மாலையில் நான்கும் அந்தச் சின்ன உயிரின் மேல் நடந்து முடிந்துவிடும்.

இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. தரையில் புரண்டு அழுவதையும் கடிப்பதையும் ஒரே குற்றமாக நினைத்து ஒரே மருந்தைக் கொடுக்கிறோம். புரண்டு அழும் குழந்தையிடம் அவசரப்படவே கூடாது. கடிக்கும் குழந்தையிடம் ஒரு நொடி கூடத் தாமதிக்கக் கூடாது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இரண்டு வயதில் ஒரு குழந்தையிடம் சுமார் 50 சொற்கள் இருக்கலாம். இரண்டிரண்டாகச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருக்கும். ஆசைகளோ அதைவிடப் பல மடங்கு. கோபத்தை அடக்கும் மூளைப்பகுதி வளர இன்னும் பல வருடங்கள் ஆகும். இதோடு பின் கடைவாய்ப் பற்கள் முளைக்கும் வேதனை, பசி, தூக்கக் கலக்கம், கூட்டம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. சில குழந்தைகள் சந்தோஷம் தாங்காமலும் கடிக்கும். இதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது.

முதலில் அடி. "அடியாத மாடு படியாது" என்று சொல்லியே பழகிவிட்டோம். அடித்தவுடன் குழந்தை அதிர்ந்து நிற்பதால் பலித்துவிட்டது போலவும் தெரிகிறது. ஆனால் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் ஏறத்தாழ 1,60,000 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது. அடி வாங்கும் குழந்தைகளிடம் முரட்டுத்தனம் கூடுதலாகவே காணப்பட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018இல் அடியே வேண்டாம் என்று பெற்றோருக்கு அறிவுறுத்தியது. வீட்டிலும் குழந்தையை அடிக்கக் கூடாது என்று ஸ்வீடன் 1979லேயே சட்டம் போட்டுவிட்டது.

திருப்பிக் கடிப்பது அதைவிட மோசம். தனக்கு வலித்ததையும் தான் அடுத்தவருக்குக் கொடுத்த வலியையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஒன்றரை வயதால் முடியாது. பெரியவர்களும் கடிப்பார்கள் என்பது மட்டும்தான் அதற்குப் புரியும். வாயில் மிளகாய்த் தூளைத் தடவுவது கண்ணுக்கும் மூச்சுக்குழாய்க்கும் ஆபத்து. எந்தக் காரணம் சொன்னாலும் அது கொடுமைதான். விழுந்து அழும் குழந்தையைத் தேற்ற, தரையை நாலு அடி அடித்துக் காட்டுகிறோமே, அதையும் விட்டுவிடலாம். வலித்தால் எதையாவது அடிக்க வேண்டும் என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பூச்சாண்டி வருவான், டாக்டர் ஊசி போடுவார் என்று மிரட்டுவதும் இந்த வகைதான். 16 முதல் 24 மாதங்களுக்குள் போட வேண்டிய தடுப்பூசிகள் சரியாக இந்த அடம்பிடிக்கும் வயதில்தான் வருகின்றன. தண்டனை என்று நாம் சொல்லி வைத்த ஊசிக்கு அந்தக் குழந்தை எப்படிக் கை நீட்டும்?

அடுத்தது கவனத்தைத் திருப்புவது. இதில் காக்கா காட்டுவதும் கைப்பேசி கொடுப்பதும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. காக்கா காட்டும்போது குழந்தை ஒருவரின் இடுப்பில் இருக்கிறது, அவர் குரலைக் கேட்கிறது, வெளிக்காற்று படுகிறது. மூக்கு விடைத்து உதடு பிதுங்கும் அந்த முதல் கட்டத்திலேயே செய்தால் பாதி அழுகைகள் தொடங்கவே தொடங்காது. கைப்பேசி நொடியில் வாயை அடைக்கும், உண்மை. ஆனால் திரும்ப வாங்கும்போது முதல் அழுகையைவிடப் பெரிய அழுகை வரும். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல். கடித்த கையோடு சாக்லேட்டோ பாட்டோ கொடுத்தால் அது பரிசாகவே போய்ச் சேரும்.

கண்டுகொள்ளாமல் விடுவது, ஏதோ ஒரு பொருள் கேட்டு அழும் அழுகைக்கு நன்றாகவே பலிக்கும். ஒரே நிபந்தனை, கடைசி வரை விட வேண்டும். ஆரம்பத்தில் அழுகை முன்பைவிட உயரும். பத்தாவது நிமிடத்தில் தாத்தா மனம் இளகி வாங்கிக் கொடுத்துவிட்டால், பத்து நிமிடம் அழுதால் கிடைக்கும் என்பதைக் குழந்தை கற்றுக்கொள்ளும். பசியிலும் பயத்திலும் அழும் குழந்தைக்கு இந்த வழி கூடவே கூடாது.

தனியே உட்கார வைக்கும் டைம் அவுட் முறைக்கு வயதுக்கு ஒரு நிமிடம் என்பது கணக்கு. மூன்று வயதுக்கு மேல், கோபப்படாமல், அதே அறையில் கண்ணெதிரே செய்தால் ஓரளவு உதவும். இரண்டுக்குக் கீழ் அர்த்தமே இல்லை; ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துவிடும். குளியலறையில் வைத்துத் தாழிடுவதும் இருட்டறையில் விடுவதும் டைம் அவுட் அல்ல.

புரண்டு அழுவதற்கு நான் தேர்ந்தெடுப்பது, கேட்டதைக் கொடுக்காமல் பக்கத்தில் இருப்பது. மைக்கேல் பொட்டகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான ஆர்ப்பாட்டங்கள் ஐந்து நிமிடங்களுக்குள் அடங்கிவிட்டன. அலறலும் உதையும் சீக்கிரமே உச்சத்துக்குப் போய்த் தணிகின்றன, விசும்பல்தான் மிஞ்சுகிறது. அலறும் கட்டத்தில் எந்த விளக்கமும் காதில் ஏறாது. கூர்மையான பொருட்களை நகர்த்திவிட்டுத் தரையில் உட்காருங்கள். ஜவுளிக்கடையிலோ கல்யாண மண்டபத்திலோ இருந்தால், வார்த்தையே இல்லாமல் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். விசும்பல் தொடங்கியதும் குழந்தை தானாக மடியைத் தேடி வரும். அப்போது ஒரு வாய் தண்ணீர். பிறகு, "பலூன் வேண்டும் என்று கோபம் வந்துவிட்டது. பலூன் இன்றைக்கு இல்லை." அவ்வளவு போதும். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்று யாராவது சொல்வார்கள். குழந்தைக்குக் கிடைத்தது மடிதான், பலூன் அல்ல என்று அவர்களிடம் தைரியமாகச் சொல்லலாம்.

கடிக்கு இந்தப் பொறுமை ஆகாது. உடனே இடையில் கையை நுழைத்துப் பிரித்து, தாழ்ந்த உறுதியான குரலில், "கடிக்கக் கூடாது. பாப்பாவுக்கு வலிக்கும்." அடுத்த பார்வை கடிபட்ட குழந்தைக்குப் போக வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியால் ஒற்றி, தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடித்த குழந்தை இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அதட்டலோ கெஞ்சலோ அதற்குக் கிடைக்க வேண்டாம்.

அதன்பிறகுதான் உண்மையான வேலை. எந்த நேரத்தில், யாரை, எதற்காகக் கடிக்கிறது என்று சில நாட்கள் கவனியுங்கள். காப்பகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்றால் அது பசி. ஒரே மூன்று சக்கர சைக்கிளைச் சுற்றித்தான் என்றால், ஆள் மாற்றி ஆள் ஓட்டுவதற்குப் பெரியவர் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். எதைக் கண்டாலும் கடித்து எச்சில் ஒழுகினால், குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள். "கொடு", "வேண்டாம்", "என்னுடையது" என்ற மூன்று சொற்களை விளையாட்டிலேயே பழக்குங்கள். வாயில் சொல் வர வர, பல்லுக்கு வேலை குறையும். பல் முளைத்த புதிதில் தாத்தாவின் விரலைக் கடிக்கும்போது வீடே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பையும் நிறுத்த வேண்டியிருக்கும்.

எந்த வழியானாலும் பாட்டி, தாத்தா, காப்பக ஆயா எல்லோரும் அதே வாக்கியத்தைச் சொல்லும்படி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அழுது அழுது மூச்சு நின்று, உதடு நீலம் பாரித்து, சில நொடிகள் துவண்டுபோகும் குழந்தைகள் உண்டு. பயந்துபோன வீட்டார் அதன்பின் கேட்டதையெல்லாம் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் மூச்சு தானே திரும்பிவிடும். ஆனாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். பல குழந்தைகளுக்கு இதன் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறது, அதைச் சரிசெய்தால் இதுவும் குறைகிறது. மூன்றரை வயதாகியும் கடி நிற்கவில்லை, தலையைச் சுவரில் மோதிக் காயப்படுத்திக்கொள்கிறது என்றாலும் காட்டுங்கள். இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தைக்கு, வேறு எதற்கும் முன்னால் காது கேட்கும் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.